மைனஸ் பன்னிரண்டு

போன வாரம் சிட்டுவை மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். மடியில் மாமனாரின் போன். முகத்தில் ஈயாடவில்லை.

நடுவில் ஒரு வாரம் ஓடிவிட்டது. விட்ட இடத்தைக் கொஞ்சம் தொட்டுக்கொள்வோம்.

மாமனாருக்கு இள வயதெல்லாம் அச்சு இயந்திரங்களோடு போயிற்று. போகிற போக்கில் அந்த இரைச்சல் அவர் காதையும் கொண்டுபோயிற்று. அந்தக் காதை வைத்துத்தான் இன்று குடும்பமே நிற்கிறது என்று சொன்னால் சிரிக்கக் கூடாது. மூத்த மகன் வீட்டின் கீழ்த்தளத்தில் காது பரிசோதனைக் கூடம் நடத்துகிறான். அவன் மனைவி சிட்டு, ஒலியைச் சீர்செய்யும் புரோகிராமை எழுதுகிறாள். காதில் மாட்டிய கருவி சத்தத்தைப் போனுக்கு அனுப்பும். போன் அதைச் சலித்து, அளவாக்கி, திருப்பி அனுப்பும். அந்தச் சலித்தலும் அளவாக்கலும் சிட்டுவின் வேலை. அதன் மேல் பட்டன், படம், நிறம் எல்லாம் வைத்து ஆப் ஆக்குவது நாத்தனார் பொம்மியின் வேலை. முதலில் சோதித்துப் பார்ப்பது மாமனாரின் காதில்.

நேற்று புதுப் பதிப்பு ஏற்றலாம் என்று மாமனாரின் போனை ஒயரில் செருகியபோதுதான் சிட்டு பார்த்தாள். போனுக்குள் இருந்த ஃபைல் அவள் கட்டியது இல்லை.

ராத்திரி முழுக்க அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடம்கூட.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. இன்று மத்தியானம், காதுக் கருவி செய்யும் பெரிய கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வருகிறாள். பிடித்துவிட்டால் அந்தக் கம்பெனியின் எல்லாக் கருவிக்குள்ளும் சிட்டுவின் புரோகிராம் உட்காரும். இந்த நேரத்தில் வீட்டுக்குள் திருடன் என்று யார் வாய் திறப்பது?

காலையில் கணவன் கூடத்துக்குக் கிளம்பும்போது கேட்டான். "ஏன் ஒரு மாதிரி இருக்க? தூங்கலையா?"

"தூங்கினேன்."

"பயப்படாத. அந்தம்மா வந்து ரெண்டு கேள்வி கேப்பாங்க, போவாங்க. நான் பேசிக்கறேன்."

அவன் படி இறங்கியதும் சிட்டு மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த அறையில் இருப்பது ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பழைய போன்கள், ஒயர்கள். ஜன்னலுக்குக் கீழே பொம்மியின் மேஜை. அவள் இன்னும் எழுந்து வரவில்லை.

சிட்டு எழுதுவது ஒரே புரோகிராம்தான். ஆனால் அதை அப்படியே எந்த இயந்திரமும் படிக்காது. கம்பைலர் அதை அந்தந்த இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றித் தர வேண்டும். கூடத்துக் கம்ப்யூட்டருக்கு ஒன்று, ஒரு வகைப் போனுக்கு ஒன்று, இன்னொரு வகைப் போனுக்கு வேறொன்று. அப்படிக் கட்டி வரும் ஃபைலுக்கு லைப்ரரி என்று பெயர். அது தானாக ஓடாது. ஏதாவது ஓர் ஆப் கூப்பிட்டால் வந்து கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும்.

புரோகிராம் மாறாமல், கம்பைலர் மாறாமல், கட்டுகிற கம்ப்யூட்டரும் மாறாமல் இருந்தால் எத்தனை தடவை கட்டினாலும் ஃபைல் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே வரும். அப்படித்தான் சிட்டு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். இப்போது மறுபடியும் கட்டினாள். மாமனாரின் போனிலிருந்து எடுத்ததைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்றில்லை.

நேற்றுப் பார்த்தது கண் மயக்கமாக இருக்கக் கூடாதா என்று மனசின் ஒரு மூலை ஏங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த மூலையும் வாயை மூடிக்கொண்டது.

கதவு திறந்தது. பொம்மி. கையில் காபி, காதில் போன். சிட்டுவைப் பார்த்ததும், "அப்புறம் பேசறேன்," என்று கட் பண்ணினாள்.

"யாரு?"

"ஃப்ரெண்ட்."

"காலங்காத்தாலயா?"

"அவளுக்குக் காலையிலதான் நேரம் கிடைக்கும்." பொம்மி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்ன அண்ணி, கதவெல்லாம் சாத்திக்கிட்டு?"

"சும்மா. காத்து."

ஜன்னல் மூடியிருந்தது. பொம்மி ஜன்னலைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், காபியைக் குடித்தாள்.

பொம்மி நல்ல பெண்தான். ஆனால் கொஞ்ச நாளாகவே போனில் பேசும்போது குரல் தணிகிறது. சிட்டு வந்தால் பேச்சு நிற்கிறது. மாமனாரின் போன் வேறு பாதி நாள் பொம்மியின் மேஜையில்தான் கிடக்கும். அது சோதனைக்கான போன். பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. ஒயரைச் செருகத் தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். இந்த வீட்டில் ஒயர் செருகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சிட்டு.

"பொம்மி, மாமா போன்ல நீ கடைசியா எப்ப கை வெச்ச?"

"போன வாரம். பட்டன் நிறம் மாத்தினேன். ஏன்?"

"லைப்ரரிய மாத்தினியா?"

"நீங்க குடுத்தாத்தானே மாத்துவேன். நீங்க குடுக்கல, நான் மாத்தல." பொம்மியின் குரல் லேசாகக் கூர்மையானது. "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல."

ஒண்ணும் இல்ல என்கிற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் இதுவரை நம்பியதில்லை. பொம்மியும் நம்பவில்லை. வெடுக்கென்று எழுந்து குளிக்கப் போய்விட்டாள்.

சிட்டு அந்த அந்நிய ஃபைலைத் திறந்தாள். கட்டி முடித்த லைப்ரரியை மனுஷக் கண்ணால் படிக்க முடியாது. எல்லாம் குப்பையாகத்தான் தெரியும். ஆனால் குப்பைக்கு நடுவில் சில இடங்களில் சாதாரண எழுத்து கிடைக்கும். ஓடும்போது ஏதாவது தப்பு நடந்தால் எந்த ஃபைலில் எந்த இடத்தில் என்று சொல்வதற்காக, அந்த ஃபைல் எந்த போல்டருக்குள் இருந்தது என்பதையும் கம்பைலர் உள்ளே எழுதி வைத்துவிடும். சிட்டுவின் கம்ப்யூட்டரில் கட்டியது என்றால் சிட்டுவின் போல்டர் பெயர் இருக்கும்.

எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்து ஓட விட்டாள். திரையில் வரிகள் ஓடின. ஓர் இடத்தில் கை நின்றது.

போல்டரின் பெயர், ஆங்கில எழுத்தில்: ரெட்டைவால்.

சிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

உலகத்தில் எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். அதில் தன் போல்டருக்கு ரெட்டைவால் என்று பெயர் வைக்கிறவன் ஒருத்தன்தான். அவள் கொழுந்தன். இந்த வீட்டின் இளைய மகன். சின்ன வயதில் அவன் செய்த சேட்டைக்கு மாமியார் வைத்த பெயர். அவர் காலமான பிறகும் பெயர் நின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், வீட்டுப் புரோகிராமை வெளியாள் யாருக்கோ காட்டிவிட்டான் என்று அண்ணன் அவனைப் பிடித்தான். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து அவன் பெயரை அண்ணன் காதுபட யாரும் எடுப்பதில்லை. அவனுக்கு இருந்த அனுமதி, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் சிட்டுதான் தன் கையால் மூடினாள்.

மூடிய கதவு வழியாக அவன் எப்படி உள்ளே வந்தான்?

பொம்மி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது சிட்டு சுற்றி வளைக்கவில்லை.

"காலையில பேசினது ரெட்டைவால்கிட்டதானே?"

துண்டு நின்றது. பிறகு, "ஆமா," என்றாள். "என் அண்ணன். நான் பேசக் கூடாதா?"

"பேசு. யாரு வேண்டாம்னா? புரோகிராமத் தூக்கிக் குடுக்கறதுதான் கூடாது."

"என்ன சொல்றீங்க?"

சிட்டு திரையைத் திருப்பிக் காட்டினாள். பொம்மி குனிந்து படித்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது ஆச்சரியம். ஆச்சரியத்தை நடிக்கப் பொம்மிக்கு வராது. வந்திருந்தால் இத்தனை நாளில் எத்தனையோ சண்டையில் தப்பித்திருப்பாள். ஆனாலும் சந்தேகம் என்று ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்து போகாது.

"இது மாமா போன்ல இருந்தது," என்றாள் சிட்டு. "அவனே பறந்து வந்து வெச்சானா?"

"எனக்குத் தெரியாது அண்ணி."

"உன் மேஜையிலதான் போன் கெடக்கு. உனக்குத்தான் அவன்கூடப் பேச்சு."

"பேச்சுன்னா என்ன பேசினேன்னு நெனைக்கறீங்க? சாப்பிட்டியா, அப்பா எப்படி இருக்கார், அவ்வளவுதான்." பொம்மியின் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. "சரி, நானே திருடின்னு வெச்சுக்கங்க. எதைத் திருடுவேன்? உங்க புரோகிராம் என்கிட்ட என்னிக்கு வந்திருக்கு? எனக்கு வர்றது நீங்க கட்டி முடிச்ச ஃபைல். அதை வெச்சு அவன் இன்னொண்ணு கட்ட முடியுமா? நீங்களே சொல்லுங்க."

முடியாது. கட்டிய ஃபைலை ஓட வைக்கலாம். அதிலிருந்து சிட்டு எழுதிய வரிகளைத் திரும்ப எடுத்து, அங்கே இங்கே மாற்றி, மறுபடி சுத்தமாகக் கட்டுவது நடக்கிற காரியம் இல்லை. ரெட்டைவால் கையில் மூலம் இருக்கிறது, அவன் போன பிறகு அவள் எழுதிய வரிகளும் சேர்ந்த மூலம். மூலம் இருப்பது இந்தக் கம்ப்யூட்டரில். இன்னொரு பிரதி, கம்ப்யூட்டர் பழுதானால் உதவும் என்று, கீழே கூடத்து அலமாரியில் ஒரு டிஸ்க்கில். அந்த அலமாரியின் சாவி கணவனிடம்.

அந்த நினைப்பு வந்த வேகத்தில் போயிற்று. தம்பியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளாத குறையாக அனுப்பியவரே அவர்தானே.

"நான் இந்த வீட்ல இருக்கேன்னா அப்பாவுக்காக," என்றாள் பொம்மி. "இன்னிக்கு அந்தம்மா வந்துட்டுப் போகட்டும். அப்புறம் நாம பேசலாம்." துண்டை நாற்காலியில் வீசிவிட்டு வெளியே போனாள்.

மாமனார் காலை நடை முடித்து வரும் சத்தம் கேட்டது. செருப்பை அவர் கழற்ற மாட்டார், உதறுவார். அச்சுக்கூடத்தில் பழகிய உடம்பு, எதையும் சத்தமாகத்தான் செய்யும்.

சிட்டு கீழே இறங்கி, முன்னறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கையில் அவர் போன்.

"மாமா, இந்தப் போன வெளியில யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

"என்ன?"

அவருக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருப்பது அவருடைய பழைய வித்தை. காது போனதில் கிடைத்த ஒரே லாபம் என்று அவரே சொல்வார்.

"ரெட்டைவாலப் பாத்தீங்களா?" என்றாள் சிட்டு, குரலை உயர்த்தாமல்.

மாமனார் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் தடவினார். பிறகு, வேறு வழியில்லை என்று தெரிந்து அவளைப் பார்த்தார்.

"பார்க்குலதான் பாப்பேன். அவன் வருவான். ரெண்டு ரவுண்டு நடப்போம்."

"எத்தனை நாளா?"

"அவன் போனதிலேந்து." ஏதோ மழை பெய்ததைச் சொல்வது போல் சொன்னார். "பெத்தவன் நான். அவங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். பெரியவன்கிட்ட சொல்லிடாதம்மா. தெரிஞ்சா வீட்டத் தலைகீழா ஆக்கிடுவான்."

"போன்ல அவன் என்ன பண்ணினான்?"

மாமனார் பதில் சொல்லத் தயங்கினார். அந்தத் தயக்கம் வேறு மாதிரி இருந்தது. பிள்ளையைக் காப்பாற்றுகிற தயக்கம் இல்லை அது. எதிரே இருப்பவள் மனசு நோகுமே என்கிற தயக்கம்.

"நீ போட்டுக் குடுத்தே பாரு, போன மாசம். அது நல்லாத்தான் இருந்தது. பேச்செல்லாம் தெளிவா கேட்டுது. ஆனா திடீர்னு ஏதாவது சத்தம் வந்தா, கதவு அடிச்சா, லாரி ஹார்ன் அடிச்சா, காதுக்குள்ள ஊசியால குத்தின மாதிரி இருக்கும். ஒரு தடவை ரோட்லயே உக்காந்துட்டேன். தலை சுத்திடுச்சு."

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"நீ ராவும் பகலும் ஒக்காந்து செஞ்சது. யாரோ பெரிய எடத்திலேந்து வேற வர்றாங்கன்னான் பெரியவன். நான் போய் நொட்டை சொல்லணுமா? சின்னவன்கிட்ட சொன்னேன். அவன் போன வாங்கிட்டுப் போய் மறுநாள் குடுத்தான். என்னமோ பண்ணினான், எனக்கென்ன தெரியும். அப்புறம் வலி இல்ல."

சிட்டு எழுந்துவிட்டாள். நம்பவில்லை. மாமனாரை நம்பவில்லை என்பதில்லை. ரெட்டைவால் அவருக்குச் சொல்லிக் கொடுத்த கதையாக இருக்கும் என்று நினைத்தாள். அவள் எழுதிய புரோகிராமில் உச்சவரம்பு என்று ஒன்று இருக்கிறது. எவ்வளவு பெரிய சத்தம் வெளியில் வந்தாலும் காதுக்குள் அந்த வரம்பைத் தாண்டிப் போகாது. காதுக்கு அதுதான் கவசம். அதை அவள் ஆயிரம் தடவை சோதித்திருக்கிறாள்.

எதில் சோதித்தாள்? கூடத்துக் கம்ப்யூட்டரில். பிறகு, தன் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் போலிப் போனில். நிஜப் போனில் பேச்சு கேட்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்கள்.

போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

கூடத்தில் காலையில் வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். கணவன் வெளியே போயிருந்தான், வரப்போகிற அம்மாளை அழைத்துவர. சிட்டு சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் போய்க் கதவை மூடினாள். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. அங்கே தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்கும். காதுக் கருவியைத் தன் காதில் மாட்டவில்லை. அளவு காட்டும் பெட்டியின் வாயில் பொருத்தினாள். போனில் தன்னுடைய ஃபைலை வைத்தாள். சத்தத்தை விட்டாள், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள்.

முள் ஏறியது. வரம்பு வரவேண்டிய இடத்தில் வரம்பு வரவில்லை. முள் அந்த இடத்தைத் தாண்டி, சிவப்புக்குள் போய், அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது.

சத்தத்தை நிறுத்தினாள். தன் ஃபைலை எடுத்துவிட்டு ரெட்டைவாலின் ஃபைலை வைத்தாள். மறுபடி ஏற்றினாள். முள் வரம்பு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் போ என்றால் போகவில்லை.

சிட்டு கண்ணாடி அறையில் வெறும் தரையில் உட்கார்ந்தாள். யாரை எல்லாமோ சந்தேகப்பட்டாயிற்று. மாமனாரை ரோட்டில் உட்கார வைத்தது அவள் கையால் கட்டிய ஃபைல்.

எழுந்து மாடிக்குப் போனாள். பொம்மி அங்கே இல்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. தன் புரோகிராமில் வரம்பு வரும் இடத்தைத் திறந்து, வரி வரியாகப் படித்தாள். கணக்கில் தப்பில்லை. அப்படியானால் கணக்குக்குப் போகிற எண்ணில் தப்பு இருக்க வேண்டும்.

டிஜிட்டல் சத்தத்தில் உச்சி என்பது பூஜ்யம். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மைனஸ். வரம்பை அவள் மைனஸ் பன்னிரண்டில் வைத்திருந்தாள். சின்ன எண்தானே என்று, புரோகிராமுக்குள் எண்களை வைக்கிற பெட்டிகளில் இருப்பதிலேயே சின்னதில் போட்டு வைத்திருந்தாள். கூடத்துக் கம்ப்யூட்டர் அந்தப் பெட்டியைத் திறந்தால் மைனஸையும் சேர்த்துப் படிக்கும். ஒரு வகைப் போனும் அப்படியே படிக்கும். மாமனார் கையில் இருக்கும் வகையில், கம்பைலர் அந்தப் பெட்டிக்கு மைனஸே கிடையாது என்று எடுத்துக்கொள்ளும். அதனால் மைனஸ் பன்னிரண்டை இருநூற்று நாற்பத்து நான்கு என்று படிக்கும். தலைக்கு மேல் இருக்க வேண்டிய கூரை, ஆகாசத்துக்கு அப்பால் போய்விடும்.

பெட்டிக்கு முன்னால், மைனஸும் உண்டு என்று சொல்லும் 'சைன்டு' என்கிற ஒரு வார்த்தையைச் சேர்த்தாள். எல்லா இயந்திரத்துக்கும் மறுபடி கட்டினாள். போனுக்கானதை எடுத்துக்கொண்டு கீழே ஓடி அளவுப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். முள் நின்றது.

எல்லாம் ஒரு வார்த்தை. இதை ரெட்டைவால் பார்க்கில் நடந்தபடியே கண்டுபிடித்திருப்பான் என்று தோன்றியபோது எரிச்சலும் வந்தது, வெட்கமும் வந்தது. எரிச்சல் கொஞ்சம் அதிகம்.

வாசலில் கார் நின்றது.

வந்த அம்மாள் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கும்போதும் கண் கூடத்தை அளந்துகொண்டே இருந்தது. சிட்டு கணவனை ஓரமாக அழைத்தாள்.

"போன்ல காட்ட வேண்டாம். கம்ப்யூட்டர்ல மட்டும் காட்டலாம்."

"ஏன்?"

"வரம்புல ஒரு கோளாறு இருந்தது. சரி பண்ணிட்டேன். ஆனா சரியா சோதிக்காம ஒரு மனுஷி காதுல மாட்ட மாட்டேன்."

"என்ன கோளாறு?"

"அப்புறம் சொல்றேன்."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு தலையாட்டினான். மேலே ஒன்றும் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று குடையும் மனுஷன் இன்று குடையவில்லையே என்று சிட்டுவுக்குப் பட்டது. வந்தவள் இருக்கிறாள், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

கம்ப்யூட்டரில் எல்லாம் நன்றாகவே நடந்தது. அந்த அம்மாள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கருவியை மாட்டி, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாள். போனில் இன்று காட்ட முடியாது, ஒரு குறை கண்டோம் என்று சிட்டு சொன்னபோது கோபப்படவில்லை.

"இதை நீங்க மறைச்சிருக்கலாம்," என்றாள்.

"காதுல மாட்டறது நீங்கதானே," என்றாள் சிட்டு.

அந்த அம்மாள் சிரித்தாள். இந்தத் தடவை கண்ணும் சிரித்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்தப் புரோகிராமோட மூலம் உங்க வீட்டுக்கு வெளியில யார்கிட்டயாவது இருக்கா? இருந்தா நாங்க இதுல இறங்க மாட்டோம். இல்லைன்னா, அப்படின்னு இந்தத் தாள்ல புரோகிராம் எழுதினவங்க கையெழுத்து வேணும். அடுத்த வாரம் குடுத்தாப் போதும்."

சிட்டு வாயைத் திறந்தாள்.

"இல்லவே இல்ல," என்றான் கணவன். "ஒரே ஒரு எடத்துல இருக்கு. இந்த வீட்ல."

சொன்ன விதத்தில் ஒரு பிசிறில்லை. சிட்டு வாயை மூடிக்கொண்டாள். பாவம், அவருக்குத் தெரியாது, தெரிந்தால் இடிந்து போய்விடுவார் என்று நினைத்தாள். பொம்மி கதவோரம் நின்றிருந்தாள். அவள் சிட்டுவைப் பார்க்கவில்லை. தன் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் போன பிறகு கணவன் காபிக் கோப்பைகளை எடுத்துப் போய் அலம்பத் தொடங்கினான். சந்தோஷமாக இருந்தால் அவன் பாத்திரம் அலம்புவான். அது சிட்டுவுக்குத் தெரியும். அவள் கதவில் சாய்ந்து நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். மாமனார் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார். சொல்லாமல் அந்தத் தாளில் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

"ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்றான் அவன், திரும்பாமல். "நல்லாத்தானே போச்சு."

"போன்ல கோளாறு இருந்துதே."

"அது ஒரு கோளாறா? மைனஸ அந்தப் போன் படிக்கல. ஒரு வார்த்தை சேத்தா முடிஞ்சுது. இதுக்குப் போய்..."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

சிட்டு நிமிர்ந்தாள். வரம்பில் கோளாறு என்றுதான் அவள் அவனிடம் சொன்னாள். மைனஸ் என்று சொல்லவில்லை. பொம்மியிடம் சொல்லவில்லை. மாமனாருக்கு மைனஸ் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த மைனஸைக் கண்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி இங்கே நிற்கிறாள்.

"மைனஸ்னு யார் சொன்னா?"

"நீதானே சொன்ன." கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். "அந்தம்மா வந்தப்ப. ஓரமாக் கூப்பிட்டு."

"ஆமா இல்ல," என்றாள் சிட்டு. "மறந்துட்டேன்."

அவன் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பை அவள் சிரித்ததில்லை.

மாடிக்குப் போனாள். பொம்மி தன் மேஜையில் குனிந்திருந்தாள்.

"பொம்மி, காலையில பேசினதுக்கு மன்னிச்சுக்கோ. மனசுல வெச்சுக்காத."

பொம்மி நிமிர்ந்தாள். "பரவால்ல அண்ணி," என்றாள்.

"ரெட்டைவால் நம்பர் குடு."

பொம்மி எழுதிக் கொடுத்தாள்.

சிட்டுவின் போனிலிருந்து கூப்பிட்டால் அவன் எடுக்காமல் போகலாம். பேர் தெரியுமே. அவள் கூடத்துக்கு இறங்கினாள். கணவன் பின்பக்கம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். மேஜையில், பரிசோதனைக்கு நேரம் கேட்டு அழைப்பவர்களுக்காக வைத்திருக்கும் கூடத்து போன். அதை எடுத்து எண்களை அழுத்தினாள். என்ன கேட்பது என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். மூலம் யார் கொடுத்தது? எவ்வளவு நாளாக? எதற்காக?

ஒரே மணியில் எடுத்துவிட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பழகிய குரல், அவசரக் குரல்.

"சொல்லு அண்ணே. அண்ணி கையெழுத்துப் போட்டாச்சா?"